பேச்சு குறைவான என் மகனை அவனுடைய கல்வித் திட்டக் கூட்டத்தில் உட்கார வைப்பதால் பயன் உண்டா?

பயன் உண்டு. ஆனால் அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பெரியவர்கள் வழக்கம்போல் பேசி முடித்து, இறுதியில் "சரியா தம்பி?" என்று கேட்டு, அவன் தலையாட்டியதும் தாளில் கையெழுத்திடுவதாக இருந்தால், அந்த நேரத்தில் அவன் வகுப்பிலேயே இருந்துவிடலாம்.

மகனுக்கு 13 வயது, ஆட்டிசம் உள்ளது, சிறப்புக் கல்விப் பள்ளியில் படிக்கிறான், சில சொற்களே பேசுவான், இவ்வாண்டுதான் முதன்முறையாக அவனும் கூட்டத்திற்கு வரட்டும் என்று வகுப்பாசிரியர் கேட்டிருக்கிறார், அவனைக் காட்சிப் பொருளாக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறீர்கள் என எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தமிழில் கேட்டிருப்பதால் உங்கள் வீட்டில் தமிழ் புழங்குகிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். அது ஏன் முக்கியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

நான் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். சிறப்புக் கல்வியில் பயிற்சி பெற்றவன் அல்லன். இங்கு எழுதுவது டவுன் சின்ட்ரோம் உள்ள என் அக்கா மகளைப் பற்றி. பெற்றவளுக்குத் தெரியாதது தாய்மாமனுக்குத் தெரிந்துவிட்டதா என்று யாரேனும் கேட்கக்கூடும். அக்காவே அதைப் பலமுறை கேட்டிருக்கிறார் என்பதால் அந்தக் கேள்வி எனக்குப் பழகியதுதான். இதை எழுதலாமா என்று அக்கா மகளிடம் கேட்டேன். எழுதலாம், ஆனால் பெயரோ படமோ போடக் கூடாது என்றாள். அவள் படித்த பள்ளியையும் வேலை செய்யும் இடத்தையும் குறிப்பிடாததற்குக் காரணம் அதுதான்.

சிங்கப்பூரில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில் படிக்கிறார்கள். கூடுதல் ஆதரவு தேவைப்படும் மற்றவர்கள், சமூக சேவை அமைப்புகள் கல்வி அமைச்சின் ஆதரவுடன் நடத்தும் சிறப்புக் கல்விப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அங்கு ஒவ்வொருவருக்கும் தனிநபர் கல்வித் திட்டம் உண்டு. 13 வயதையொட்டி அதனுடன் இன்னொரு திட்டமும் சேர்கிறது: பள்ளியை விட்டுச் செல்லும் 18 வயதுக்குப் பிறகு எங்கே வேலை செய்வது, எப்படி வாழ்வது என்பதற்கான தயாரிப்பு அது. ஆசிரியர் இந்த வயதில் உங்கள் மகனைக் கூப்பிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். எழுதப்போவது அவனுடைய வாழ்க்கை என்பதால் அவன் அங்கே இல்லாமல் எழுதுவது முறையன்று என்று அவர் நினைத்திருக்கிறார். அத்தகைய ஆசிரியர் கிடைத்தது நல்வாய்ப்பு.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அக்கா மகள் வேலைப் பயிற்சிக்குச் செல்லும் வயதை எட்டியபோது நடந்த கூட்டத்திற்கு, அத்தானுக்கு ஷிஃப்ட் வேலை இருந்ததால், நான் அக்காவுடன் சென்றிருந்தேன். உணவு, பானப் பிரிவில் சேர்க்கலாம் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்தது. "வீட்டில் சமையலறையை விட்டு நகரவே மாட்டாள்" என்று அக்கா சொன்னார். அது முற்றிலும் உண்மை. ஆசிரியர் அவளிடம் ஆங்கிலத்தில், சமைக்கப் பிடிக்குமா, கோப்பி கலக்கப் பிடிக்குமா என்று கேட்டார். இரண்டிற்கும் ஆமாம் என்றாள். அனைவருக்கும் மகிழ்ச்சி.

வாய்மொழித் தேர்வுகளில் பல ஆண்டுகள் தேர்வாளராக உட்கார்ந்தவனுக்கு அந்த ஆமாம் நெருடியது. கேட்கும் முறையிலேயே விடை ஒளிந்திருந்தால், எதிரில் இருக்கும் பிள்ளை எதையும் யோசிக்க வேண்டியதில்லை. நம் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். அனுமதி பெற்று நான் தமிழில், "உனக்குச் சமைக்கப் பிடிக்காதா?" என்று கேட்டேன். "பிடிக்காது மாமா" என்றாள் அதே புன்னகையுடன். வீட்டிலேயே இருக்கப் பிடிக்குமா என்றதற்கும் ஆமாம், வேலைக்குப் போகப் பிடிக்குமா என்றதற்கும் ஆமாம். சிறு வயது முதல் பெரியவர்களுக்கு இசைந்து போகும்போதெல்லாம் "நல்ல பிள்ளை" என்று பாராட்டி வளர்த்திருக்கிறோம். அந்தப் பாராட்டைப் பெறும் வழி அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆசிரியர் ஒரு நொடியில் புரிந்துகொண்டார். முடிவைத் தள்ளிவைத்துவிட்டு, 'டாக்கிங் மேட்ஸ்' என்னும் முறையில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான முறை அது. ஒரு விரிப்பில் பிடிக்கும், பரவாயில்லை, பிடிக்காது என்று மூன்று பத்திகள், கையில் படங்கள், ஒவ்வொரு படத்தையும் எந்தப் பத்தியில் வைப்பது என்பது பிள்ளையின் முடிவு. முகம் பார்த்துப் பதில் சொல்லும் பழக்கம் இதில் வெகுவாகக் குறைந்துவிடுகிறது, ஏனெனில் பார்வை படத்தில் இருக்கிறது.

படங்களை இணையத்திலிருந்து எடுத்தால் பயனில்லை. ஒரு சமையற்காரரின் அழகான படம் அவளுக்கு வெறும் படம்தான். ஆசிரியர் அவளைப் பள்ளியிலுள்ள ஒவ்வொரு பயிற்சியிலும் சில நாள்கள் ஈடுபடுத்தி, அவள் அங்கே நிற்கும் புகைப்படங்களையே பயன்படுத்தினார். அனுபவித்திராத ஒன்றைப் பற்றி விருப்பம் கேட்பது நமக்கே கடினம். அவளுக்கு முடி வெட்டுவது அறவே பிடிக்காது என்பது குடும்பத்துக்கே தெரியும். சோதனைக்காக அந்தப் படத்தையும் இடையில் சேர்த்தார்கள். அது சரியான பத்தியில் விழுந்தால்தான் மற்ற விடைகளை நம்பலாம். வேறொரு நாள், வரிசையை மாற்றி, மீண்டும் கேட்டார்கள். பள்ளியில் ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்டதை நான் வீட்டில் தமிழில் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டோம்.

துண்டு மடிக்கும் படம் இரண்டு இடங்களிலும் பிடிக்கும் பத்தியில் இருந்தது. சமையலறைப் படம் பள்ளியில் பரவாயில்லை, வீட்டில் பிடிக்காது. ஏன் என்று கேட்டபோது தமிழில் காரணமும் வந்தது: "சத்தம் மாமா. எல்லாரும் கத்துறாங்க." பிறகு ஏன் எப்போதும் வீட்டுச் சமையலறையில் இருக்கிறாள்? அங்கேதான் பாட்டி இருப்பார். அவளுடன் நாள் முழுவதும் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

இந்த இடத்தில் என் நெடுநாள் ஆதங்கத்தையும் சொல்லியாக வேண்டும். அவள் சிறு குழந்தையாக இருந்தபோது ஒரு நிபுணர், இரு மொழிகள் அவளைக் குழப்பும், வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று அறிவுரை கூறினார். அக்காவும் அத்தானும் தங்களுக்கே முழுமையாகக் கைவராத ஆங்கிலத்தில், அளந்து அளந்து அவளிடம் பேசத் தொடங்கினார்கள். பாட்டி மட்டும் அந்த அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகள் இரு மொழிகளில் வளர்வதால் அவர்களின் மொழி வளர்ச்சிக்குத் தீங்கு நேர்வதாகத் தெரியவில்லை என்று கனடாவில் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது; ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றியும் அதையொத்த முடிவுகள் பின்னர் வந்துள்ளன. இன்று நல்ல பேச்சுச் சிகிச்சையாளர்கள் அப்படிச் சொல்வதில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். தமிழாசிரியன் தமிழுக்காகப் பரிந்து பேசுகிறான் என்று இதைத் தள்ளிவிடாதீர்கள். ஆங்கிலத்தில் அவளிடம் பொருள்களின் பெயர்கள் இருந்தன. காரணங்கள் தமிழில் இருந்தன. ஆங்கிலத்தில் மட்டும் கேட்டிருந்தால், பரவாயில்லை என்னும் பத்தியிலேயே அவள் ஒரு வேலையில் சேர்க்கப்பட்டிருப்பாள். உங்கள் மகன் தன் கருத்தைத் தெரிவிக்கப் படப்பலகையோ செயலியோ பயன்படுத்துகிறான் என்றால், அதில் வீட்டுச் சொற்களும் வீட்டு மனிதர்களும் இருக்கிறார்களா என்று பாருங்கள். சென்னையில் உருவான 'அவாஸ்' செயலியில் தமிழும் உண்டு.

படங்களுக்கு நடுவே பேருந்துப் படம் ஒன்றும் இருந்தது. பள்ளிக்கு எப்படி வருகிறாய் என்று உரையாடலைத் தொடங்குவதற்காக வைத்தது. அவள் அதைப் பிடிக்கும் பத்தியில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த அம்மாவின் புகைப்படத்தை எடுத்து அப்பால் நகர்த்தினாள். அக்கா அறையில்தான் இருந்தார். வீட்டுக்கு வந்ததும் என்மீது பாய்ந்தார். "கேட்டதோடு நீ போய்விடுவாய். பஸ்ஸில் யாராவது அவளிடம் தப்பாக நடந்துகொண்டால் மாமன் வந்து நிற்பாயா?" அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன், பெண்பிள்ளையைப் பெற்ற எந்தத் தாயும் கேட்கக்கூடியதே அது. நெடுநாள் இழுபறிக்குப் பிறகு, ஒரே ஒரு பேருந்துத் தடத்தில் மட்டும் பயிற்சி என்று முடிவானது. முதலில் ஆசிரியர் பக்கத்தில் அமர்ந்தார், பிறகு பின்வரிசையில், பிறகு நிறுத்தத்தில் மட்டும் காத்திருந்தார். கைத்தொலைபேசியில் இருப்பிடம் அம்மாவுக்குத் தெரியும்படி வைக்கலாமா என்று அவளிடமே கேட்டோம். ஒப்புக்கொண்டாள், ஆனால் பேருந்தில் இருக்கும்போது அம்மா அழைக்கக் கூடாது என்றாள். இன்று ஒரு ஹோட்டலின் துணிப்பிரிவில் துண்டு மடிக்கிறாள், அந்த ஒரு தடத்தில் தனியாகப் போய் வருகிறாள். வேறு பேருந்துகளில் இன்னும் தனியாகப் போவதில்லை. அக்கா இன்னும் அழைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அவள் எடுப்பதில்லை.

இதெல்லாம் மேலைநாட்டுச் சிந்தனை, நம் குடும்பங்களில் எந்தப் பிள்ளையைக் கேட்டு முடிவெடுக்கிறோம் என்று சிலர் எழுதுவார்கள். இவளுடைய தம்பி உயர்நிலைப்பள்ளி முடித்தபோது தொடக்கக் கல்லூரியா, பலதுறைத் தொழிற்கல்லூரியா என்று அந்த வீட்டில் எத்தனை இரவுகள் பேச்சு நடந்தது என்பதை நான் அறிவேன். இறுதியில் அவன் சொன்னதுதான் நடந்தது. அதே மேசையில் அவனுடைய அக்காளின் வேலையைப் பற்றி அவளைக் கேட்பது மட்டும் எப்படி மேலைநாட்டுப் பழக்கமாகும்? திருமண வீடுகளிலும் பார்க்கிறேன்: அவள் எதிரிலேயே நிற்க, "இவளுக்குக் காரம் ஆகுமா?" என்று அக்காவிடம் கேட்கிறார்கள்.

வழக்கமான பள்ளிகளிலும் இது நடப்பதுண்டு. நான் கற்பித்த பள்ளிக்குச் சிறப்புக் கல்விப் பள்ளி மாணவர்கள் வந்து, இடைவேளையில் எங்கள் மாணவர்களுடன் சேர்ந்திருப்பார்கள். உதவியாக இருங்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தோம். அவர்களும் தானே பிரிக்கத் தெரிந்தவனின் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள், என்ன விளையாடுவது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். ஒன்றாக அமர்ந்திருந்தார்கள் என்பது உண்மை. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

சட்டத்தைத் தேடுபவர்களுக்காக இரண்டு செய்திகள். உடற்குறையுள்ளோர் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2012இல் கையெழுத்திட்டு 2013இல் அதை உறுதிசெய்தது. தம்மைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லவும், அதற்கேற்ற உதவி பெறவும் குறையுள்ள குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது அதன் 7ஆம் பிரிவு. அதைவிட உங்களுக்கு நெருக்கமானது 2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம். மகனுக்கு 21 வயதானதும் பெற்றோர் என்ற தகுதி மட்டும் அவனுக்காக முடிவெடுக்கப் போதாது. தேவையெனில் நீதிமன்றம் உங்களை டெப்யூட்டியாக, அதாவது அவன் சார்பில் முடிவெடுப்பவராக, நியமிக்க வேண்டும். அப்போதும், ஒருவரால் முடிவெடுக்க இயலாது என்று நிறுவப்படும்வரை இயலும் என்றே கொள்ள வேண்டும், அதற்கு உதவ இயன்ற வழிகளையெல்லாம் முயன்றிருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. ஒருமுறைகூடக் கேட்கப்படாமல் வளர்ந்தவனால் 21 வயதில் திடீரென்று பதில் சொல்ல முடியாது.

உங்கள் மகனின் நிலை என் அக்கா மகளின் நிலையைவிடக் கடினமானது என்பதை மறக்கவில்லை. படங்களை மூன்றாகப் பிரிப்பது அவனுக்கு இயலாமற்போகலாம். அப்படியானால் இரண்டு உண்மைப் பொருள்களை முன்னால் வைத்து, எதை எடுக்கிறான் என்று பல நாள்கள் குறித்து வையுங்கள். தட்டைத் தள்ளுவதும், முகத்தைத் திருப்புவதும், குறிப்பிட்ட வகுப்புக்கு முன் மட்டும் காதைப் பொத்திக்கொள்வதும் பதில்களே. ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: பெரியவர் ஒருவர் பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் தட்ட வைத்து, அவனே பேசுகிறான் என்று காட்டும் முறையை யாராவது பரிந்துரைக்கலாம். 1990களில் நடந்த சோதனைகளில், கையைப் பிடித்தவருக்குத் தெரிந்த விடைகளே வெளிவந்தன. பிள்ளைக்கு மட்டும் காட்டியவை வரவில்லை.

இனி உங்கள் கூட்டம். என்னென்ன பேசப்படும் என்பதை முன்கூட்டியே ஆசிரியரிடம் கேளுங்கள். அவற்றில் மகனால் உண்மையிலேயே தேர்ந்தெடுக்கக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் எடுத்து, படங்களாலோ பொருள்களாலோ கூட்டத்திற்கு முன்பே, அவனுக்குப் பழகிய இடத்தில், பள்ளியிலும் வீட்டிலும் கேட்டு வையுங்கள். ஏற்கெனவே முடிவாகிவிட்ட எதையும் அவனிடம் கேள்வியாகக் கேட்க வேண்டாம். கூட்டத்தில் அவன் சிறிது நேரம் இருந்தால் போதும். தன் படங்களைத் தானே மேசையில் வைக்கட்டும். எழுந்து போக விரும்பினால் போகட்டும், அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். அவன் காட்டிய விருப்பத்தால் திட்டத்தில் எது மாறியது, எது மாறவில்லை, ஏன் மாறவில்லை என்பதை அவனுக்குப் புரியும் விதத்தில் யார், எந்த நாளில் சொல்வார் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொன்ன பிறகு கையெழுத்திடுங்கள்.