ரத்ததானத்துக்குச் சிறுபான்மைச் சமூகத்தினரைத் தனியாக ஊக்குவிப்பது ஏன்?

எல்லோர் ரத்தமும் ஒன்றுதானே, தனியாகக் கேட்பானேன் என்கிறீர்கள். ஏ, பி, ஓ, ஆர்எச் மட்டும் பார்த்தால் நியாயமான கேள்விதான். ஆனால் சிவப்பணுக்களின் மேல் 300-க்கும் மேற்பட்ட ஆன்டிஜென்கள், அதாவது உடல் ‘என்னுடையதா, அந்நியமா’ என்று அடையாளம் காணும் மூலக்கூறுகள், உண்டு. அவை பரம்பரையாக வருபவை. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற ஆன்டிஜென் இருக்காது. ஐரோப்பியரில் பெரும்பாலோரிடம் இருக்கும். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம். அந்த நோயாளிக்கு இப்படிப் பொருந்தாத ரத்தத்தை அடிக்கடி ஏற்றினால், ஏற்றிய ரத்தத்தைத் தாக்கும் எதிர்ப்பொருளை உடல் உருவாக்கிவிடலாம். பிறகு பொருத்தமான ரத்தம் கிடைப்பதே திண்டாட்டம்.

வெறும் சுவரொட்டியால் பயனில்லை. நோயாளியின் தாயே அந்தச் சமூகத்தின் மொழியில் பேசட்டும். வழிபாட்டுத் தலத்திலேயே முகாம் நடக்கட்டும். முக்கியமாக, ஹீமோகுளோபின் குறைவென்று ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது காரணத்தையும், மறுபடி எப்போது வரலாம் என்பதையும் சொல்லுங்கள். வாய்திறக்காமல் அனுப்பினால், ‘நம் ரத்தம் வேண்டாமாம்’ என்ற பேச்சு மறுநாளே பரவிவிடும்.