செயற்கை மூட்டை உடம்பு ஒதுக்கித் தள்ளுமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 67, சர்க்கரை உண்டு. மூன்று வருடத்துக்கு முன் வலது முழங்கால் மூட்டை மாற்றினோம். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு வாரமாக அந்த மூட்டில் வீக்கம், வலி; தொட்டால் சுடுகிறது. கவரிங் நகை போட்டாலே அவருக்கு அரிக்கும். அதனால் ‘உள்ளே இருக்கிற இரும்பை உடம்பு ஏத்துக்கலை’ என்கிறார்கள் உறவினர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையைக் கொடுக்கலாமா?
– வாசகி, தாராவி, மும்பை

பதில்: கொடுக்காதீர்கள். நாளைக் காலையிலேயே அம்மாவை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அவர் கிடைக்காவிட்டால் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது. குளிர்காய்ச்சல் இருந்தால் இன்றே கிளம்புங்கள்.

மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்குவது, அதிலிருப்பவை வேறொருவரின் உயிரணுக்கள் என்று கண்டுகொள்வதால். செயற்கை மூட்டில் உயிரணு கிடையாது. ஆனாலும் உடம்பு அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதில்லை. பொருத்திய சில நொடிகளிலேயே ரத்தப் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. பின்னால் வரும் வெள்ளையணுக்கள் முதலில் தொடுவது அந்தப் படிவைத்தான். விழுங்க முடியாத அளவு பெரிய பொருள் என்றால், சுற்றிலும் நார்த்திசுவால் உறை கட்டிவிடும். டைட்டானியம் போன்ற சில உலோகங்களோடு எலும்பு நேரடியாகவே ஒட்டி வளரும். ஸ்வீடனில் பிரோனேமார்க் என்ற டாக்டர் முயல் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைத் திரும்பக் கழற்ற முடியாமல்தான் இதைக் கவனித்தார். 1965இல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேர் பொருத்தும் அளவுக்கு அது வளர்ந்தது.

மூட்டும் உடம்பைச் சும்மா விடாது. நடக்க நடக்க நடுவிலுள்ள பிளாஸ்டிக் தட்டு தேய்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். வெள்ளையணுக்கள் இவற்றை விழுங்கிவிடும், செரிக்க முடியாது. அந்தத் தவிப்பில் அவை சுரக்கும் ரசாயனங்கள் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்க, மூட்டு ஆட்டம் காணும். ஆனால் இது பெரும்பாலும் பல வருடம் எடுக்கிற சங்கதி.

கவரிங் அரிப்புக்குக் காரணம் அநேகமாக நிக்கல். முழங்காலில் வைக்கும் கோபால்ட் குரோமியக் கலவையிலும் அது சிறிதளவு இருக்கும். ஆனால் தோலில் அரிப்பவர்களில் மிகமிகச் சிலருக்கே மூட்டுக்குள் தொல்லை வருகிறது. மற்ற காரணங்கள் எல்லாம் இல்லை என்றான பிறகுதான் அதை யோசிக்க வேண்டும்.

எனக்கு இருக்கும் கவலை கிருமித்தொற்று. அம்மாவின் கால்விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். மழைத் தண்ணீரில் நடந்து வந்த சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு, சொத்தைப் பல், எதிலிருந்தும் கிருமி ரத்தம் வழியே மூட்டுக்குப் போகலாம். சர்க்கரை அதற்குத் துணைபோகும். உடம்பில் அந்நியப் பொருள் இருந்தால் சொற்பக் கிருமியே சீழ் வைக்கப் போதும். 1957லேயே இதைத் தையல் நூலை வைத்து நிரூபித்துவிட்டார்கள். உலோகத்தில் ஒட்டிய கிருமிகள் தங்களைச் சுற்றி ஒரு கொழகொழப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும். மருந்து அதைத் தாண்டி உள்ளே போய் வேலை செய்வது கடினம்.

அரைகுறை ஆன்டிபயாடிக் வேண்டாம் என்பது இதனால்தான். வீக்கம் கொஞ்சம் வடியும், வலி குறையும், படலம் அப்படியே இருக்கும். பிறகு மூட்டு நீரை எடுத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினால் எந்தக் கிருமி என்றே தெரியாமல் போகலாம். முதலில் உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகளும் எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். பிறகு ஊசியால் மூட்டு நீர். சீக்கிரம் கண்டுபிடித்தால் மூட்டைத் திறந்து கழுவி, பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றி, உலோகத்தைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அறிகுறி தொடங்கி மூன்று வாரம் தாண்டினால் அந்த வாய்ப்பு குறைந்து, முழு மூட்டையும் எடுக்க நேரலாம். உங்களுக்கு ஏற்கெனவே இரண்டு வாரம் போய்விட்டது.

தைலம் தேய்ப்பது, வெந்நீர் ஒத்தடம் இரண்டையும் நிறுத்துங்கள். பழைய எக்ஸ்ரேயையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் கொண்டுபோங்கள். மூட்டின் கம்பெனி, அளவு எழுதிய ஸ்டிக்கர் பெரும்பாலும் அதில்தான் ஒட்டியிருக்கும். ஒருவேளை மாத்திரை ஒன்றிரண்டு கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் அட்டையோடு காட்டி, எப்போது கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மூட்டு நீரை எந்த நாளில் எடுப்பது என்பதை டாக்டர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.