துருப்பிடித்த கம்பியை மூடிப் பூசலாமா?

கேள்வி: நாகப்பட்டினத்தில், கடலுக்கு அருகில் 1997-இல் கட்டிய வீடு எங்களுடையது. படுக்கையறைக் கூரையில் காரை பெயர்ந்து விழுகிறது. துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மொட்டை மாடியில் நீர்க்கசிவுத் தடுப்புப் பெயிண்ட் அடித்தும் நிற்கவில்லை. சிமென்ட் பூசினால் போதும் என்கிறார் கொத்தனார். பூசலாமா?

பதில்: பூச வேண்டாம். முதலில் கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்துங்கள்.

இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருக்கிறது. உள்ளே இடம் இல்லாததால் அடிப்பக்கக் கான்கிரீட்டை வெடிக்க வைத்துத் தள்ளுகிறது. மேலே எதைப் பூசினாலும் துரு அதையும் தள்ளிவிடும். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைக் காக்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊறி அதைத் தணிக்கும். ஆனால் உங்கள் ஊரில் நான் முதலில் சந்தேகிப்பது உப்பை. தளம் போட்ட அன்று உவர்நீரில் கலவை கலந்திருந்தால், உப்பு அன்றே உள்ளே போய்விட்டது. அதை மாடிப் பெயிண்ட் என்ன செய்யும்?

விழுந்த துண்டை வீசிவிடாதீர்கள். கம்பி பதிந்திருந்த பள்ளம் அதில் தெரியும். அங்கிருந்து கான்கிரீட்டின் அடிமுகம் வரை, பூச்சைக் கழித்துவிட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456-இன்படி, கம்பியை மூடியிருக்கும் இந்தக் கான்கிரீட் (இதைத்தான் கவர் என்பார்கள்) சாதாரண இடங்களிலேயே 20 மி.மீ. வேண்டும், கடலோரத்தில் இன்னும் கூடுதல். பழைய வீடுகள் பலவற்றில் 10 மி.மீ. கூடத் தேறாது. கம்பியைத் தூக்கிப்பிடிக்க அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் ஜல்லியைச் செருகிக் கம்பியைத் தூக்கிவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன்மேலேயே நடந்ததன் பலன் அது.

பழுது பார்க்கும்போது கூரை முழுவதையும் சிறு சுத்தியலால் தட்டி, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைச் சாக்பீஸால் குறியுங்கள். முட்டு கொடுத்த பிறகே கொத்த வேண்டும். கம்பியின் கீழ்ப்பாதி தெரிந்ததும் நிறுத்திவிடுவது வழக்கம். வேலை கெடுவது அங்கேதான். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, சுற்றிலும் கம்பி பிரஷால் தேய்த்துத் துருவை நீக்கி, துருவைத் தடுக்கும் துத்தநாக எபாக்சி பூசி, பாலிமர் கலந்த சிமென்ட் சாந்தை (மோர்ட்டார்) அடுக்கடுக்காக வைக்க வேண்டும். கூலி பேசும்போதே இதைச் சொல்லி எழுதி வாங்குங்கள். சதுர அடிக் கணக்கில் பேசி முடித்த பிறகு எவரும் கம்பிக்குப் பின்னால் கொத்த மாட்டார்கள்.

கம்பியின் கனம் கால்பங்கு கரைந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க நேரலாம். அதைக் கட்டமைப்புப் பொறியாளர் முடிவு செய்யட்டும். தளம் நடுவில் தொய்ந்திருந்தாலோ, உத்திரத்தில் கம்பியின் போக்கிலேயே விரிசல் ஓடினாலோ, அவர் வந்து பார்க்கும்வரை அறையைப் பூட்டிவையுங்கள்.

மாடிக்கும் வருவோம், மேலிருந்து ஈரம் இறங்கிக்கொண்டிருக்கும்வரை துரு நிற்காது. மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து ஏறிப் பாருங்கள். தண்ணீர் தேங்கியிருந்தால் வாட்டம் சரியில்லை. பெயிண்ட் அதற்கு மருந்தல்ல. பழைய தட்டோட்டைப் பெயர்த்து, மழைநீர்க் குழாயை நோக்கிப் பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் வாட்டம் விட்டு மறுபடி போட வேண்டும். கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் குழாய் வாயையும் தனியாக அடைக்கச் சொல்லுங்கள். கசிவு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். ஐப்பசி மழைக்கு முன் மாடி வேலை முடிந்தாக வேண்டும். அறைக்குள் மோர்ட்டார் வைப்பது அதற்குப் பிறகு.