கூண்டே பிடிக்காத பெண் வனவிலங்கு மருத்துவம் படிக்கலாமா?

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வனவிலங்கு மருத்துவராக ஆசை. ஆனால் விலங்கைக் கூண்டில் வைப்பதே பாவம் என்கிறாள். அப்படியானால் யார் வேலை கொடுப்பார்கள் என்பது உங்கள் பயம். கூடலூரில் இருந்து கேட்கிறீர்கள், உங்கள் பக்கத்துச் சங்கதியையே சொல்கிறேன்.

2021 அக்டோபரில் மசினகுடிப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்த டி23 புலி, மைசூருவில் உள்ள மீட்பு மையத்துக்குப் போனது. ஆளைக் கொன்ற, உடம்பெல்லாம் காயம்பட்ட புலியை மறுபடி காட்டில் விட முடியாது. சுட வேண்டும், இல்லையென்றால் அடைக்க வேண்டும். அந்த இடத்தில் நீ என்ன செய்வாய் என்று மகளிடம் கேளுங்கள். மாயாறு பள்ளத்தாக்கில் பறக்கும் பாறு கழுகுகளையும் (பிணந்தின்னிக் கழுகுகள்) காட்டுங்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற இந்த இனத்தையே சரித்தது. 2006இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள். ஆனால் இனத்தைப் பெருக்க ஹரியானாவின் பிஞ்சோரில் இந்தக் கழுகுகளைக் குஞ்சு பொரிக்க வைத்தது கூண்டுக்குள்தான்.

அவள் சொல்வதிலும் நியாயம் நிறைய இருக்கிறது. அடைப்பில் ஓயாமல் தலையாட்டும் யானையும், ஒரே தடத்தில் சுற்றும் சிறுத்தையும் உளைச்சலில் இருக்கின்றன. யானைகளை உயிரியல் பூங்காக்களில் இருந்து முகாம்களுக்கு மாற்றச் சொல்லி 2009இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையமே உத்தரவிட்டது. இந்தக் கேள்வியோடு வரும் பெண் இத்துறைக்குத் தேவை. தயவுசெய்து அதை அடக்கிவிடாதீர்கள்.

இப்போது அவசரமானது பதினொன்றாம் வகுப்பு குரூப். உயிரியல் இல்லாத கணினி அறிவியல் குரூப்பில் சேர்த்துவிட்டால் கால்நடை மருத்துவக் கதவு அங்கேயே மூடிவிடும். பலர் சறுக்குவது இதில்தான். கால்நடை மருத்துவப் பட்டமான பி.வி.எஸ்சி. படிப்பு ஐந்தரை ஆண்டு, பயிற்சிக் காலமும் சேர்த்து. மாநில இடங்களுக்கு பிளஸ் டூ உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மட்டும் நீட். உங்களுக்கு உடுமலைப்பேட்டைக் கல்லூரி எட்டும் தூரம்தான்.

சீட் கிடைக்காவிட்டால் மேட்டுப்பாளையத்தில் நான்காண்டு வனவியல் இருக்கிறது, ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது. நல்ல படிப்புகள்தான். ஆனால் அவற்றைப் படித்து விலங்குக்கு வைத்தியம் பார்க்க முடியாது. அதற்குக் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு வேண்டும். இதைச் சொல்லாமல் சேர்த்துவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

வேலை விஷயத்தில் மறைக்க மாட்டேன். வனவிலங்கு மருத்துவர் பணியிடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலும் கால்நடைப் பராமரிப்புத் துறையில் உதவி மருத்துவராகச் சேர்ந்து, அங்கிருந்து வனத்துறைக்கு அயல்பணியில் போகிறார்கள். அதாவது முதல் சில வருடம் மாடும் ஆடும்தான். இந்திய வனப் பணித் தேர்வும் இந்தப் பட்டத்துக்குத் திறந்திருக்கிறது.

கோடை விடுமுறையில் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் அனுமதி கேட்டு ஒரு வாரம் அவளை நிற்க வையுங்கள். கன்று சிக்கிய பிரசவத்தையும், இறந்த மாட்டைப் பிரேதப் பரிசோதனை செய்வதையும் பார்க்கட்டும். எட்டாம் நாளும் போகக் கேட்டாளானால் உயிரியல் குரூப்புக்கு விண்ணப்பம் வாங்குங்கள்.