கொடிமலைப் பாறையும் பனியாறும்

பினாங்கின் கொடிமலை ஏறும் வழியில் அறை அளவுக்கு உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. பனியாறு உருட்டி வந்தவையா? (ஆயர் ஈத்தாம்)

இல்லை. பனியாறு, அதாவது மெல்ல நகரும் மாபெரும் ஐஸ் திரள், சுமந்து வந்து போட்ட பாறை பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: அதன் கல் ஒரு வகை, கிடக்கும் தரையின் கல் வேறு வகை. கொடிமலையிலோ உருண்டையும் கருங்கல், அடித்தரையும் அதே கருங்கல். நம் வெயிலிலும் மழையிலும் மண்ணுக்குள்ளேயே நீர் வெடிப்புகள் வழியாக இறங்கிக் கல்லை இற்றுப்போக வைக்கிறது. மூலைகளைப் பல பக்கமும் நீர் தாக்குவதால் அவைதான் முதலில் உதிரும். நடுக்கல் உருண்டையாக மிஞ்சும். பிறகு மழை மண்ணை அரித்துப் போக, கல் தலைகாட்டும். உருண்டு வந்ததுபோலத் தெரிந்தாலும் பல பாறைகள் பிறந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

கடித்தாலே நொறுங்கும் ஐஸ், மலையை எப்படிச் செதுக்கும்? (படிவம் 4 மாணவி, பட்டர்வொர்த்)

ஐஸ் கச்சாங் கடையில் கத்தி ஐஸைச் சீவுகிறது. பனியாற்றில் ஐஸே கத்தி பிடித்திருக்கிறது! அடியில் உறைந்து ஒட்டிய கற்கள்தாம் அந்தக் கத்தி. மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் ஐஸ் அழுத்த, அவை பாறையைக் கீறிக்கொண்டே நகரும். நியூயார்க் சென்ட்ரல் பார்க் பாறைகளில் அந்தக் கீறல்களை இன்றும் பார்க்கலாம். உருகிய நீர் வெடிப்பில் புகுந்து மறுபடி உறைந்து, பாறையைத் துண்டுதுண்டாகப் பெயர்ப்பதும் உண்டு.

நியூசிலாந்தின் மில்ஃபோர்டு சவுண்டில் அருவிகள் அந்தரத்திலிருந்து விழுகின்றனவே? (ஜெலுத்தோங்)

பெரிய பனியாறு முதன்மைப் பள்ளத்தாக்கை ஆழமாகத் தோண்டியது. பக்கத்துச் சின்னப் பனியாறுகளுக்கு அவ்வளவு பலமில்லை. ஐஸ் உருகியதும் அவற்றின் பள்ளத்தாக்குகள் மேலேயே தொங்கி நின்றுவிட்டன. அந்த இடத்தின் பெயரும் தவறு. கடல் புகுந்த ஆற்றுப் பள்ளத்தாக்குதான் 'சவுண்ட்'. இது பனியாறு வெட்டிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்த 'ஃபியோர்டு'.

மலேசியாவில் பனியாறு இருந்ததா? (புக்கிட் மெர்தாஜாம்)

இருந்தது, சபாவில். 4,095 மீட்டர் உயரக் கினபாலுவின் உச்சிப் பாறைகளைப் பனியுகத்து ஐஸ் வழவழப்பாகத் தேய்த்திருக்கிறது.

அப்படியானால் பினாங்குக்கும் பனியுகத்துக்கும் சம்பந்தமே இல்லையா? (அதே மாணவி)

ஏன் இல்லை! சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவ்வளவு நீர் ஐஸாக முடங்கியதால் கடல் மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் இறங்கியிருந்தது. பினாங்கு அப்போது தீவே இல்லை. உங்கள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி இல்லாமல் நடந்தே வந்திருக்கலாம்.