ப்ரீசரில் வைத்த கறி குழம்பு வைக்கும்போது வாடை அடிப்பது ஏன்?

ஞாயித்துக்கிழமை எடுத்த கறியில ஒரு கிலோவைக் கடைக் கவரோடவே ப்ரீசர்ல போட்டு, புதன்கிழமை காலைல வெளிய எடுத்து வெச்சு, சாயங்காலம் குழம்பு வெச்சா வாடை வருதுன்னு கேட்டிருக்கீங்க. வெச்ச விதமும் தப்பு, எடுத்த விதமும் தப்புங்க.

ஒரு கிலோ உருண்டையா இருந்தா நடுப்பக்கம் உறைய ரொம்ப நேரமாகும். மெதுவா உறைஞ்சா பனித்துகள் பெருசா வளர்ந்து நாரைக் கிழிச்சுடும். பின்னாடி செவப்பா வடியற தண்ணி, கிழிஞ்ச நார்ல இருந்து கசியற கறிச்சாறுதான். அதே உருண்டையை ஈரோட்டு வெயிலுக்கு வெளிய வெச்சா, நடு கல்லா இருக்கும்போதே மேல்பக்கம் வெதுவெதுப்பாயிடும். குளிர்ல கிருமி சாகறதில்லைங்க, முடங்கித்தான் கிடக்கும். 5 டிகிரிக்கு மேல போனா மறுபடி வேகமாப் பெருக ஆரம்பிச்சுடும், வாடை வர்றதும் அதனாலதான்.

அதனால அரை அரைக் கிலோவாப் பிரிச்சு, தண்ணியை நல்லா வடிச்சு, ஜிப் கவர்ல ரெண்டு செ.மீ. கனத்துக்குத் தட்டையாப் பரப்புங்க. காத்தை அமுக்கி வெளியேத்தணும்; காத்து நின்னா அங்கங்க வெளுத்து வறண்டு போகும். எவர்சில்வர் தட்டு மேல வெச்சா சீக்கிரம் உறையும். கவர் மேல தேதி எழுதிடுங்க.

எடுக்கறதுக்கு, முந்தின ராத்திரியே ப்ரீசர்ல இருந்து பிரிட்ஜோட கீழ்த்தட்டுக்கு மாத்துங்க, ஒரு போசிக்குள்ள, அதாவது பாத்திரத்துக்குள்ள வெச்சு. இல்லைன்னா ரத்தத்தண்ணி கொத்தமல்லி மேல சொட்டும். தட்டைக் கவர் காலைல இளகிடும். முழு நாட்டுக்கோழிக்கு ஒரு நாள் முழுசா வேணும். அவசரம்னா கவரோட பச்சைத்தண்ணில முக்கி, அரை மணிக்கொருக்கா தண்ணி மாத்தி, இளகுனதும் அடுப்புல ஏத்திடணும். சித்திரை வைகாசில மொட்டைமாடி டேங்க் தண்ணி சுடும், அது ஆகாது. பிரிட்ஜ் பாட்டில் தண்ணி ஊத்துங்க. குழம்புக்குன்னா இளக்காமலே போடலாம், வேக ஒன்றரை மடங்கு நேரமாகும்.

"நாங்க இருபது வருசமா வெளிய வெச்சுத்தான் எடுக்கறோம், ஒண்ணும் ஆகலை"ன்னு சொல்ல வர்றவங்களுக்கு: சில கிருமி விடற நஞ்சு கொதிக்க வெச்சாலும் போகாதுங்க. குழந்தைகளும் வயசானவங்களும் இருக்கற வீட்ல அந்தத் துணிச்சல் வேண்டாம்.

இன்னொண்ணு, கேட்காததுதான், ஆனாலும் ஆத்தாமையா இருக்குது. பிரிட்ஜ் விக்கறவங்க கரண்ட் மிச்சமாகற ஸ்டாரை மட்டும் காட்டறாங்க. ப்ரீசருக்குன்னு தனி நட்சத்திரக் குறி இருக்குதுன்னு சொல்றதே இல்லை. அதுல ஒண்ணுன்னா மைனஸ் 6 டிகிரி, ஒரு வாரம் தாங்கும். ரெண்டுன்னா மைனஸ் 12, ஒரு மாசம். மூணுன்னா மைனஸ் 18, மூணு மாசம். ஒத்தக்கதவுப் பெட்டில குறியே இல்லைன்னா ஒரு வாரத்துக்கு மேல வைக்காதீங்க.

மாதாந்திரப் பராமரிப்புன்னு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் நிறுத்தற அன்னைக்கு ப்ரீசரைத் திறக்கவே கூடாது. முந்தின நாளே ஒரு டம்ளர்ல தண்ணியை உறைய வெச்சு, மேல ஒரு ரூபாய்க் காசு வெச்சுடுங்க. சாயங்காலம் காசு மேலயே இருந்து, கறியும் கல்லாவே இருந்தா பயமில்லை. காசு அடில போயிருந்து, கறியும் குளிர் விட்டுக் கொழகொழன்னு இருந்தா, மோந்து பார்த்து முடிவெடுக்காதீங்க, கொட்டிடுங்க.