மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு குழந்தை: தமாக்சிஃபெனை இடையில் நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. இடது மார்பில் இரண்டாம் கட்டப் புற்றுநோய். ஈ.ஆர்., பி.ஆர். பாசிட்டிவ் (பெண் ஹார்மோன்களால் வளரும் வகை), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகையாக இல்லாதது). அக்குள் நெறிக்கட்டிகளில் பரவவில்லை. கீமோ, ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் முடிந்து, 22 மாதங்களாக தமாக்சிஃபென் (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் புற்றுசெல்களைத் தூண்டாமல் தடுக்கும் மாத்திரை) 20 மி.கி. சாப்பிடுகிறேன். ஐந்து வருடம் சாப்பிட வேண்டுமாம். அது முடியும்போது எனக்கு 36 ஆகிவிடும். இன்னும் குழந்தை இல்லை. கர்ப்பமானால் ஹார்மோன் கூடி நோய் திரும்பிவிடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். மாத்திரையை இடையில் நிறுத்தலாமா? – திண்டுக்கல் வாசகி

பதில்: நிறுத்தலாம். ஆனால் நிறுத்தும் தேதியோடு மறுபடி தொடங்கும் தேதியையும் இப்போதே உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டாரின் பயம் நியாயமானதுதான். மருத்துவர்களுக்கே நெடுங்காலம் அந்தத் தயக்கம் இருந்தது. அதை நேரடியாகச் சோதித்துப் பார்த்தது 'பாசிட்டிவ்' என்ற பன்னாட்டு ஆய்வு. முடிவுகள் 2023இல் வெளியாயின. 42 வயதுக்கு மேற்படாத 516 பெண்கள், 18 முதல் 30 மாதம் வரை ஹார்மோன் சிகிச்சை (தமாக்சிஃபென் போன்ற, ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை) எடுத்த பிறகு, குழந்தைக்காக அதிகபட்சம் இரண்டு வருடம் அதை நிறுத்திவைத்தார்கள். கருத்தரிப்பைக் கணக்கெடுத்த 497 பேரில் 368 பேர் கர்ப்பமானார்கள். 317 பேர் குழந்தை பெற்றார்கள். மூன்று ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோய் திரும்பியது 8.9 சதவீதம் பேருக்கு. ஒப்பிடுவதற்காக முந்தைய ஆய்வுகளிலிருந்து எடுத்த, இதே போன்ற நோயாளிகளிடம் அது 9.2 சதவீதம். அதாவது, இடைவெளி விட்டதால் ஆபத்து கூடவில்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆய்வில் சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போல முதல் இரண்டு கட்டத்தில் இருந்தவர்கள். நெறிக்கட்டிகளில் நிறையப் பரவியவர்களுக்கு இந்த எண்ணை அப்படியே பொருத்தக் கூடாது. இன்னொன்று, ஹார்மோன் பாசிட்டிவ் புற்றுநோய் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் தலைகாட்டும். மூன்று வருடக் கணக்கு அந்த நீண்டகால ஆபத்தைச் சொல்லாது. மாத்திரையை மறுபடி தொடங்கியே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான்.

நிறுத்துவதற்கு முன் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், மருத்துவரின் நேரடிப் பரிசோதனை மூன்றையும் முடித்துவிடுங்கள். கீமோவில் அட்ரியாமைசின் (இதயத்தைப் பாதிக்கக்கூடிய சிவப்பு நிற மருந்து) இருந்திருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பது அவசியம். பிரசவத்தின்போது இதயத்துக்கு வேலை கூடும். உங்கள் வயதில் இந்த நோய் வந்ததால் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை (பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் காட்டுவது) செய்தார்களா என்றும் கேளுங்கள்.

தமாக்சிஃபென் உடலிலிருந்து மெல்லத்தான் வெளியேறும். அது கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. எனவே கடைசி மாத்திரைக்குப் பிறகு மூன்று மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதுவரை ஆணுறையோ காப்பர் டியோ போதும். கருத்தடை ஹார்மோன் மாத்திரையும் ஊசியும் உங்களுக்கு ஆகாது. ஃபோலிக் அமிலத்தை இந்த மூன்று மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

இனி கணக்குப் போடுவோம். ஆய்வில் விட்ட அதே இரண்டு வருட இடைவெளி என்றால் மொத்தம் 24 மாதம். காத்திருப்பு 3, கர்ப்பம் 9, தாய்ப்பால் 4 போனால், கருத்தரிக்க மிஞ்சுவது எட்டே மாதம். பலருக்கும் திட்டம் தடம் புரள்வது இந்த இடத்தில்தான்: "இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிக்கொண்டே போவார்கள். அதனால் காத்திருக்கும் மூன்று மாதத்திலேயே ஏ.எம்.எச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), கருப்பை ஸ்கேன், கணவரின் விந்துப் பரிசோதனையை முடித்து, குழந்தைப்பேறு நிபுணரையும் பார்த்துவிடுங்கள். கீமோவுக்கு முன் கருமுட்டையோ கருவோ உறையவைத்திருந்தால் அதைப் பயன்படுத்துவதே நல்லது. ஐ.வி.எஃப். புதிதாகத் தேவைப்பட்டால், ஈஸ்ட்ரோஜன் அளவு ஏறாமலிருக்க லெட்ரோசோல் சேர்த்துச் செய்யும் முறையைக் கேளுங்கள்.

கர்ப்பத்தின்போது மார்பில் புதிதாகக் கட்டி தென்பட்டால், பால் கட்டியாக இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். அல்ட்ராசவுண்டும் ஊசி பயாப்சியும் கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பாகச் செய்யலாம். மார்பை முழுவதும் எடுக்காவிட்டாலும் ரேடியேஷன் கொடுத்த பக்கம் பால் குறைவாகவே சுரக்கும், சிலருக்குச் சுரக்காமலும் போகும். வலது மார்பு ஒன்றே குழந்தைக்குப் போதும். ஆய்விலும் பல தாய்மார்கள் பால் கொடுத்தார்கள். பாலை நிறுத்திய பிறகுதான் தமாக்சிஃபெனைத் தொடங்க வேண்டும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக் கூடாது. மீதமுள்ள மூன்று வருடத்துச் சொச்சத்தை முழுசாக முடியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தமாக்சிஃபென் சாப்பிடும்போது மாதவிடாய் வராவிட்டாலும் கருமுட்டை வெளியாகலாம். இப்போதே எதிர்பாராமல் கர்ப்பமானது தெரிந்தால், மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டு மகப்பேறு மருத்துவரையும் புற்றுநோய் மருத்துவரையும் பாருங்கள். கலைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. எத்தனை வாரம் மருந்து உள்ளே போனது என்பதையும் விரிவான ஸ்கேனையும் பார்த்து அவர்களோடு பேசி முடிவெடுக்கலாம்.